கல்லூரி உதவித்தொகை: தாளில் பிழை, கையில் பணமில்லை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி அலுவலகத்தின் உதவித்தொகைப் பிரிவில், ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த வருடங்களில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படிக்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எழுதியது. விதிகளைவிட, விதிக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவில் நடக்கும் எழுத்துப் பிழைகளைப் பற்றித்தான் இதில் அதிகம்.

சார், ஸ்காலர்ஷிப் வரலை. தப்பு எங்க நடந்திருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்: கல்லூரி கணினியில் ஏற்றிய விவரம், வட்டாட்சியர் அலுவலகம் கொடுத்த சான்று, ஆதார், வங்கி. ஒவ்வோர் இடமும் தன் தாளை மட்டும்தான் திருத்தும். வங்கி மேலாளரிடம் சாதிச் சான்றைப் பற்றிப் பேசியோ, கல்லூரி எழுத்தரிடம் ஆதார் பெயரைப் பற்றிச் சண்டை போட்டோ பயனில்லை. பிள்ளைகள் மாதக்கணக்கில் அலைவதற்குப் பாதிக் காரணம், தவறான வாசலில் நிற்பதுதான்.

ஆகவே முதல் வேலை, உங்கள் விண்ணப்பம் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று திரையில் நீங்களே பார்ப்பது. "அனுப்பியாச்சு" என்று யாராவது வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். கல்லூரிச் சரிபார்ப்பிலேயே நிற்கிறதென்றால் கல்லூரியைக் கேளுங்கள். சான்றிதழ் எண்ணை ஏற்கவில்லை என்றால் வருவாய்த் துறை. பெயர் பொருந்தவில்லை என்றால் ஆதார் அல்லது கல்லூரிப் பதிவு. அனுமதி கிடைத்தும் பணம் வரவில்லை என்றால் முதலில் வங்கியைப் பாருங்கள். திரையைக் கைப்பேசியில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

ஆபீஸ்ல போனாலே "அடுத்த வாரம் வா"ன்னு சொல்றாங்க. என்ன பண்றது?

வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு எழுதிக் கொடுங்கள். கல்லூரி முதல்வருக்கு ஒரு பக்க மனு: பெயர், பதிவு எண், யூமிஸ் எண் (அரசின் கல்லூரி மாணவர் பதிவுத் தளத்தில் உங்களுக்குள்ள எண்), எந்தத் திட்டம், எந்த விவரம் தவறாக இருக்கிறது, சரியான விவரம் எது, அதற்கான ஆதாரத்தின் நகல். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம், அல்லது கல்லூரியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு அனுப்பலாம்.

இது மிரட்டல் இல்லை. அந்த மேசையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள், ஒரே கணினி, மதியத்துக்கு மேல் நகராத இணையம். வாயால் சொன்னது அன்றைக்கு மாலையே மறந்துபோகும். தாளில் இருப்பதைத்தான் கோப்பில் சேர்க்க முடியும். பின்னால் மாவட்ட அலுவலகம் வரை போக வேண்டி வந்தாலும் இந்த முத்திரைதான் பேசும்.

மார்க்‌ஷீட்ல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு. எதை மாத்தணும்?

பொதுவாக ஆதாரை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைத்தான் கல்லூரி, பல்கலைக்கழகம், பின்னால் வேலை கொடுப்பவர் எல்லோரும் அடிப்படையாக வைத்துக்கொள்வார்கள். அதைத் திருத்தப் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டும். மதிப்பெண் சான்றிதழில்தான் உண்மையிலேயே பிழை, மற்ற எல்லாத் தாளும் சரி என்றால் மட்டும் அந்த வழியில் இறங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறைதான். அவசரத்தில் ஒரு முறை மாற்றி, அதிலும் ஒரு எழுத்து விட்டுப்போய், இரண்டாவது வாய்ப்பையும் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆதார் மையத்தில் ஒப்புதல் கேட்கும்போது திரையில் இருப்பதை எழுத்து எழுத்தாக, ஆங்கிலத்திலும் தமிழிலும் படித்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

இனிஷியல் மட்டும்தான் முன்ன பின்ன இருக்கு. இதுக்கெல்லாமா நிறுத்துவாங்க?

மனிதர் நிறுத்த மாட்டார், கணினி நிறுத்தும். நம் ஊரில் முதலெழுத்து பெயருக்கு முன்னால் வரும், பின்னால் வரும், புள்ளியோடு வரும், சில சமயம் அப்பாவின் முழுப் பெயராக விரிந்தும் வரும். எல்லாம் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும். ஆனால் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளுக்கு ஒரு இடைவெளிகூட வேறு ஆள்தான்.

இதற்காக ஆதாரைத் தொட வேண்டிய தேவை எப்போதும் இருக்காது. உதவித்தொகை விண்ணப்பத்தில் ஆதாரில் உள்ளபடி பெயர் என்று தனிக் கட்டம் இருந்தால், அங்கே ஆதாரில் இருப்பதை அப்படியே, புள்ளி இடைவெளி மாறாமல் எழுதினாலே பல சமயம் தீர்ந்துவிடும். கல்லூரி தன் பழக்கத்தில் மதிப்பெண் சான்றிதழ்ப் பெயரை அங்கேயும் ஏற்றிவிடும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆதார் நம்பர் சரி, பேரும் சரி. ஆனா கைரேகை வைக்கச் சொன்னா ஏத்துக்க மாட்டேங்குது.

சின்ன வயதில் எடுத்த ஆதாரா? ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகையும் கண் பதிவும் புதுப்பிக்க வேண்டும். பதினைந்தில் செய்யாமல் விட்டவர்கள் கல்லூரிக்கு வந்த பிறகுதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆதார் மையத்தில் புதுப்பித்துவிட்டு, அது ஏற்கப்பட்டதாகத் தகவல் வந்த பிறகு கல்லூரிக்கு வாருங்கள்.

வருமானச் சான்றிதழ் போன வருஷம் வாங்கினதே இருக்கு. அது போதாதா?

வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும், சான்றிலேயே அது இருக்கும். தேதி கடந்த சான்றின் எண்ணைக் கொடுத்தால் விண்ணப்பம் திரும்பி வரும். கல்லூரி கேட்கும் வரை காத்திராமல், சேர்க்கை நடக்கும் ஜூன், ஜூலையிலேயே இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று அது நடந்து வர நாளாகும். எல்லோரும் ஒரே வாரத்தில் விண்ணப்பித்தால் இன்னும் நாளாகும்.

சாதிச் சான்று அப்படி இல்லை, ஒரு முறை வாங்கினால் போதும். ஆனால் லேமினேட் செய்து வைத்திருக்கும் பழைய அட்டையில் இணையச் சான்று எண் இருக்காது. கணினி அந்த எண்ணைத்தான் கேட்கிறது. பழைய அட்டையை வைத்துப் புது இணையச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்ல அப்பா பேரைத் தப்பா போட்டுட்டாங்க. இ-சேவைக்காரரு திருத்தித் தர முடியாதுங்கறாரு.

அவர் சொல்வது உண்மை. அந்தச் சான்றில் அதிகாரியின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, மையத்தில் இருப்பவர் தொட முடியாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கேதான் பலரும் மறுபடி விழுகிறார்கள். இ-சேவையில் உங்களுக்குக் கேன் எண் என்று ஒன்று உண்டு. பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் அதில்தான் பதிவாகி இருக்கிறது. சான்று அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. கேன் பதிவில் "முருகேசன்" என்பது "முருகேஷ்" என்று இருந்தால் நீங்கள் எத்தனை முறை விண்ணப்பித்தாலும் முருகேஷ்தான் வருவார். முதலில் கேன் விவரத்தைத் திருத்தச் சொல்லுங்கள். பதிவு செய்த கைப்பேசிக்கு ஓடிபி வரும், அதனால் அந்த சிம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். அப்புறம் சான்றுக்கு விண்ணப்பியுங்கள்.

அப்பா கூலி வேலைதான். சர்டிஃபிகேட்ல வருமானம் மூணு லட்சம்னு வந்திருக்கு. இனிமே ஸ்காலர்ஷிப் கிடைக்காதா?

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சான்றில் அதற்கு மேல் இருந்தால் கணினி அங்கேயே நிறுத்திவிடும். இப்படித் தவறாக வருவதற்கு வழக்கமான காரணம் விண்ணப்பத்திலேயே இருக்கும்: மாத வருமானத்தை எழுதும் இடத்தில் ஒரு பூஜ்யம் கூடிப்போவது, அண்ணனின் சம்பளத்தையும் சேர்த்துச் சொல்வது, வேலையே இல்லாத மாதங்களுக்கும் கூலி போடுவது. விண்ணப்ப நகலை எடுத்துப் பாருங்கள்.

தவறு நிஜம் என்றால், உண்மை வருமானத்துக்கான சான்றுகளோடு கிராம நிர்வாக அலுவலரையும் வட்டாட்சியரையும் பார்த்து மனு கொடுத்துவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள். அப்பா இறந்துவிட்டார், வேலை போய்விட்டது என்பதுபோல நிலைமை மாறியிருந்தாலும் இதேதான், இறப்பு என்றால் இறப்புச் சான்றை இணையுங்கள். ஆனால் வருமானம் உண்மையிலேயே வரம்புக்கு மேல் என்றால், குறைத்து எழுதித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். அது பிள்ளையின் பெயரில்தான் விடியும்.

பேங்க்ல ஆதார் லிங்க் ஆயிருக்குங்கறாங்க. காலேஜ்ல ஆகலைங்கறாங்க. யாரு சொல்றது பொய்?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். இந்த மேசையில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வங்கி உங்கள் ஆதார் எண்ணை கேஒய்சிக்காக (வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பதற்காக) தன் பதிவில் சேர்ப்பது ஒன்று. அந்த ஆதாருக்கு வரும் அரசுப் பணம் இந்த வங்கிக்கு வரட்டும் என்று என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) பட்டியலில் பதிவது இன்னொன்று. உதவித்தொகைக்கு வேண்டியது இரண்டாவது. "ஆதார் லிங்க் பண்ணுங்க" என்று கேட்டால் முதலாவதைப் பார்த்துவிட்டு "ஆயிருக்கு" என்பார்கள். "என்பிசிஐ சீடிங், டிபிடிக்காக" என்று கேளுங்கள், அரசுப் பணம் நேரடியாகக் கணக்கில் விழுவதற்கான இணைப்பு என்று பொருள். அதற்கான ஒப்புதல் படிவம் கிளையில் இருக்கும். ஆகிவிட்டதா என்று ஆதார் வழங்கும் ஆணையமான யுஐடிஏஐயின் மைஆதார் தளத்தில் நீங்களே பார்க்கலாம், வங்கியின் பெயரும் நிலையும் காட்டும்.

ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரே வங்கிதான் அந்தப் பட்டியலில் இருக்கும். கடைசியாக எதற்குச் சம்மதம் கொடுத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். விண்ணப்பத்தில் வேறு கணக்கு எண்ணை எழுதியிருந்தாலும், ஆதார் வழிப் பணத்துக்கு அந்த எண் கணக்கில்லை.

அப்படின்னா என் பணம் வேற பேங்குக்குப் போயிருக்குமா?

போயிருக்கலாம். புது சிம் வாங்கும்போதோ, கல்லூரிக்கு வந்த முகாமிலோ விரல் வைத்து ஒரு கணக்கு திறந்திருப்பீர்கள், மறந்தும் போயிருக்கும். 2017-இல் நாடு முழுக்க இப்படி நடந்தது. சிம் சரிபார்ப்புக்குப் போன வாடிக்கையாளர்களுக்கு ஏர்டெல் பேமெண்ட்ஸ் பேங்கில் கணக்கு திறக்கப்பட்டு, சமையல் எரிவாயு மானியம் அங்கே போனது. அந்த டிசம்பரில் யுஐடிஏஐ அந்த நிறுவனத்தின் ஆதார் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்தி வைத்தது.

நல்ல செய்தி, பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்கில்தான் இருக்கும். மைஆதாரில் காட்டும் வங்கிக்குப் போய்க் கேளுங்கள். வேறு வங்கியில் வேண்டுமென்றால் அந்த வங்கியில் புதிதாகச் சம்மதம் கொடுங்கள். ஆனால் அனுமதி வந்து பணம் வரும் நேரத்தில் மாற்றாதீர்கள்.

ஒன்பதாவது படிக்கும்போது திறந்த கணக்கு. பேங்க் பேரே மாறிடுச்சு. பணம் வருமா?

பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் 2019 ஏப்ரலில் தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனராவிலும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியிலும் சேர்ந்தன. பழைய பாஸ்புக்கில் உள்ள ஐஎஃப்எஸ்சி எண்ணை விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். புதுப் பாஸ்புக் வாங்கி அதைப் பார்த்து எழுதுங்கள்.

மைனராக இருந்தபோது அம்மாவோடு சேர்ந்து திறந்த கணக்கென்றால், பதினெட்டு முடிந்ததும் கையெழுத்தும் கேஒய்சியும் புதிதாகக் கொடுக்க வேண்டும். "ரெண்டு வருஷமா வரவு செலவு இல்லை, கணக்கு செத்துப்போச்சு" என்று கிளையில் சொன்னால், ரிசர்வ் வங்கியின் 2024 ஜனவரி 1 சுற்றறிக்கையை நினைவுபடுத்துங்கள். உதவித்தொகைக்காகவும் அரசுத் திட்டப் பணத்துக்காகவும் திறந்த பூஜ்ய இருப்புக் கணக்குகளைப் பயன்படுத்தவில்லை என்பதற்காகச் செயலற்றதாக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது.

பாதிப் பணம்தான் வந்திருக்கு. மீதியை யாரு தின்னது?

அந்த முடிவுக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். ஆதிதிராவிடர் மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் தொகையில் மாநிலப் பங்கு 40 சதவீதம், மத்தியப் பங்கு 60 சதவீதம். மாநிலம் தன் பங்கைச் செலுத்திய பிறகுதான் மத்தியப் பங்கு வரும், தனித்தனி வரவாக. இரண்டுக்கும் நடுவில் மாதங்கள் ஓடலாம். பழங்குடியினருக்கு மத்தியப் பங்கு 75, மாநிலப் பங்கு 25.

பாஸ்புக்கில் பதிவு போட்டு இரண்டு வரவையும் கூட்டிப் பாருங்கள். கல்வியாண்டு முடிந்தும் ஒன்றுதான் வந்திருக்கிறது என்றால், நடுவில் வங்கி சீடிங்கை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். முதல் தவணை ஒரு வங்கியிலும் இரண்டாவது இன்னொரு வங்கியிலும் விழுந்திருப்பது அதிசயமில்லை.

நான் எம்பிசி. ஆபீஸ்ல பிசின்னு ஏத்திட்டாங்க. என் தப்பே இல்லையே, நான் ஏன் அலையணும்?

அலையக் கூடாதுதான். கல்லூரி இன்னும் மேலே அனுப்பவில்லை என்றால் அவர்களே தங்கள் உள்நுழைவில் மாற்றிவிடலாம், சில நிமிட வேலை. அனுப்பிவிட்டார்கள் என்றால் மாவட்டத்தில் இருந்து திருப்பி அனுப்பினால்தான் திறக்கும். அதற்குக் கல்லூரி முதல்வர் மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலருக்குக் கடிதம் எழுத வேண்டும். உங்கள் மனுவில் (முன்னால் சொன்ன முத்திரை போட்ட மனுதான்) "தங்கள் அலுவலகப் பதிவில் நேர்ந்த பிழை" என்ற வரி இருக்கட்டும். எழுத்தர் பெயரைப் போட வேண்டாம், அவரைக் கோபப்படுத்தி நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

என்எஸ்பி போர்ட்டல்ல "டிஃபெக்டிவ்"னு காட்டுது. ரிஜெக்ட் பண்ணிட்டாங்களா?

இல்லை. என்எஸ்பி என்னும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் அதற்கு, குறை இருக்கிறது, திருத்தி அனுப்பு என்று பொருள். காரணமும் அதிலேயே இருக்கும். திருத்தி மறுபடி சமர்ப்பிக்க ஒரு கடைசித் தேதி உண்டு, அதைத் தவறவிட்டால்தான் ஆபத்து. நீங்கள் சமர்ப்பித்ததோடு முடியவில்லை. கல்லூரி தன் கடைசித் தேதிக்குள் சரிபார்க்காவிட்டாலும் விண்ணப்பம் அந்த ஆண்டோடு போய்விடும். ஆகவே சமர்ப்பித்த மறுநாளே கல்லூரியின் பொறுப்பு அலுவலரிடம் விண்ணப்ப எண்ணை எழுதிக் கொடுங்கள்.

புதுப்பித்தலில் வரும் ஒரு வேடிக்கையான பிழை: மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு ஆண்டுதோறும் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். சதவீதக் கட்டத்தில் சிஜிபிஏவை அப்படியே 7.2 என்று ஏற்றினால், நன்றாகப் படிக்கிற பிள்ளை நூற்றுக்கு ஏழு வாங்கியதாகிவிடும். பல்கலைக்கழகம் சொல்லும் முறைப்படி சதவீதமாக்கி ஏற்றுங்கள்.

புதுமைப்பெண் ஆயிரம் ரூபாய் வாங்கினா மத்த ஸ்காலர்ஷிப் கட் ஆயிடுமா? எனக்கு அதுவும் வரலை.

கட் ஆகாது, இரண்டையும் வாங்கலாம். வராததற்கு அடிக்கடி காரணம் பள்ளிப் பதிவு. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. ஆறாவது ஒரு மாவட்டம், எட்டாவது இன்னொரு மாவட்டம் என்று மாறியவர்களுக்கு பள்ளி மாணவர் பதிவான எமிஸில் ஒரு வருடம் காணாமல் போயிருக்கும். அந்தப் பள்ளியில் படிப்புச் சான்று வாங்கிக் கல்லூரி வழியாகக் கொடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களும் தகுதி உள்ளவர்கள். இது தெரியாமலே "நீ பிரைவேட்" என்று அனுப்பிவிடுவார்கள்.

ஸ்காலர்ஷிப் வரலைன்னு ஹால் டிக்கெட்டை நிறுத்தி வெச்சிருக்காங்க. டிசியும் தர மாட்டாங்களாம்.

தனியார் கல்லூரியாக இருந்தாலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்துவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்பதற்கான 2012-ஆம் ஆண்டின் அரசாணை எண் 92 இருக்கிறது. அதன் நகலை மனுவோடு இணையுங்கள். போஸ்ட் மெட்ரிக் நெறிமுறைகளில் முன்பணம் கட்டாமல் சேர ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடும் உண்டு. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இலேயே அறிவித்திருக்கிறது.

அதே நேரம் உங்கள் பக்கம் ஒரு கடமை. பணம் இப்போது மாணவர் கணக்குக்கே வருவதால், கட்டணத்துக்கான பகுதி வந்ததும் கல்லூரிக்குக் கட்டிவிட வேண்டும். வந்த பணத்தில் வீட்டுக் கடனை அடைத்துவிட்டு அரசாணையைக் காட்டினால் எடுபடாது.

எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அப்பா வருமானமா, வீட்டுக்காரர் வருமானமா?

திருமணமாகி, வேலைக்குப் போகாமல் படிக்கும் பெண்ணுக்குக் கணவரின் வருமானம். சாதிச் சான்று மட்டும் எப்போதும் பிறந்த வீட்டை வைத்துத்தான். சான்றுகளில் ஒன்றில் அப்பா பெயரும் ஒன்றில் கணவர் பெயரும் வரும் என்பதால் திருமணச் சான்றின் நகலைச் சேர்த்தே கொடுங்கள், கேள்வி வராது.

காலேஜ் மாறிட்டேன். கணினியில இன்னும் பழைய காலேஜ்லயே இருக்கேன்.

பழைய கல்லூரி உங்களைத் தன் பதிவிலிருந்து விடுவித்தால்தான் புதியது சேர்க்க முடியும். டிசி வாங்கும் அன்றே யூமிஸிலும் விடுவிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இன்னொன்று: பி.ஏ. முடித்துவிட்டு மறுபடி பி.காம். சேர்ந்தால், அதே நிலைப் படிப்பு என்பதால் போஸ்ட் மெட்ரிக் கிடையாது. அது பிழை அல்ல, விதி.

ஒரே வருஷத்துக்கு ரெண்டு தடவை பணம் வந்துடுச்சு. வெச்சுக்கலாமா?

முதலில் மேலே சொன்ன மாநில, மத்தியப் பங்குகளா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான். உண்மையிலேயே இரட்டிப்பு என்றால் தொடாமல் வைத்துக்கொண்டு கல்லூரிக்கு எழுதிக் கொடுங்கள். தணிக்கையில் வெளியே வரும்போது நீங்கள் வேலை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. ஒண்ணும் நடக்கலை. அடுத்து?

முத்திரை போட்ட மனு நகலோடு மாவட்டத்துக்குப் போங்கள். திட்டத்தைப் பொறுத்து ஆதிதிராவிடர் நல அலுவலர், பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலர், புதுமைப்பெண் என்றால் சமூகநல அலுவலர். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும். முதலமைச்சரின் குறைதீர்ப்பு உதவி எண்ணான 1100-இலும் பதியலாம்.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மாவட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், காரணத்தைத் தேடித் தர அவர்களுக்குக் கடமையில்லை. "என் விண்ணப்பம் கல்லூரியிலிருந்து எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது, கோப்புக் குறிப்பின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. தனியார் கல்லூரி நேரடியாகப் பதில் சொல்ல மறுத்தாலும் மாவட்ட அலுவலகம் மறுக்க முடியாது. பல சமயம் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததும், பதில் வருவதற்கு முன்பே கல்லூரியிலிருந்து கைப்பேசிக்கு அழைப்பு வரும்.